கேஸ்ட்ரிக் பேண்ட் அட்ஜஸ்ட்மென்ட்: முதல் ஃபில்லிலிருந்து சரியான அளவு வரை

எடை குறைக்க இரைப்பையைச் சுற்றிக் கேஸ்ட்ரிக் பேண்ட் என்ற வளையத்தைப் பொருத்தி நாலு வாரம் ஆகியிருக்கும். முதல் பத்துப் பதினைந்து நாள் பசி என்ற ஒன்றே தெரியவில்லை, எடையும் மளமளவென்று இறங்கியது. இப்போது பழைய பசி திரும்பி வந்து வாசலில் நிற்கிறது. சாப்பிட்டதெல்லாம் தடையில்லாமல் இறங்குகிறது. "ஆப்பரேஷன் தோற்றுவிட்டதோ" என்று பலர் கலங்குவது சரியாக இந்த நேரத்தில்தான்.

கலங்க வேண்டியதில்லை. அறுவை சிகிச்சையின்போது பேண்டைக் காலியாகவோ, கிட்டத்தட்ட காலியாகவோதான் பொருத்தி அனுப்புவார்கள். முதல் வாரங்களில் பசி அடங்கியிருந்ததற்குப் பெரும் காரணம் அந்த இடத்தில் இருந்த வீக்கம். வீக்கம் வடிந்ததும் பசி வரத்தான் செய்யும். பேண்டுக்குள் சலைன் என்ற உப்பு நீரை ஏற்றத் தொடங்கிய பிறகுதான் அதன் வேலையே ஆரம்பமாகிறது. ஏற்றுவதை ஃபில் என்பார்கள், எடுப்பதை அன்ஃபில் என்பார்கள். இரண்டும் சேர்ந்ததுதான் அட்ஜஸ்ட்மென்ட்.

முதலில், பேண்ட் எப்படி வேலை செய்கிறது?

இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் ஃபில்லுக்குப் போகிறவர்கள்தான் பிறகு அதிகம் சிரமப்படுகிறார்கள். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

பேண்ட் என்பது சிலிகான் வளையம். உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, இரைப்பையின் உச்சியைச் சுற்றி அதை மாட்டுவார்கள். வளையத்தின் உட்புறம் ஒரு பலூன் இருக்கும். பலூனிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வயிற்றுச் சுவர்வரை வந்து, தோலுக்கு அடியில் தசை உறையோடு சேர்த்துத் தைத்த போர்ட்டில், அதாவது ஊசி குத்திச் சலைன் ஏற்றும் சின்ன வாயிலில், முடியும். சைக்கிள் டியூபும் அதன் வால்வும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம், இங்கே காற்றுக்குப் பதில் சலைன்.

இரைப்பையைச் சுற்றிப் பட்டை கட்டும் யோசனை இதற்கு முன்பே இருந்தது. ஆனால் அந்தப் பட்டைகளை ஒரு முறை கட்டினால் கட்டியதுதான்; இறுக்கம் கூடினாலும் குறைந்தாலும் மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டும். 1980களின் நடுவில் ஸ்வீடனிலும் அமெரிக்காவிலும் தனித்தனியாக, வெளியிலிருந்தே அளவை மாற்றக்கூடிய பேண்ட் உருவானது. அமெரிக்காவில் அதைச் செய்தவர் லுபோமிர் குஸ்மாக். 1993இல் பெல்ஜியத்தில் மிட்டிகு பெலாச்செவ் அதை லேப்ராஸ்கோப்பி வழியாக, அதாவது வயிற்றைத் திறக்காமல் சின்னத் துளைகள் வழியாக, பொருத்திக் காட்டினார். 2001இல் அமெரிக்க அரசின் அனுமதியும் கிடைத்தது. இந்தக் கருவியின் சிறப்பே அட்ஜஸ்ட் செய்ய முடிவதுதான். அதைப் பயன்படுத்தாவிட்டால் வயிற்றுக்குள் சும்மா ஒரு வளையம் கிடக்கிறது, அவ்வளவுதான்.

சரி, அது பசியை எப்படி அடக்குகிறது? பேண்டுக்கு மேலே உள்ள சின்னப் பையில் சாப்பாடு நிறைந்து, மணல் கடிகாரம் போலக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வடிகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பல விளக்கப் படங்களும் அப்படித்தான் காட்டும். ஆனால் நன்றாக அட்ஜஸ்ட் செய்த பேண்டில் சாப்பாடு மேலே தங்குவதே இல்லை. ஒரு வாய் விழுங்கினால் உணவுக்குழாய் சில முறை அழுத்தித் தள்ளி, ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள் அதைப் பேண்டுக்குக் கீழே அனுப்பிவிடும். அப்படித் தள்ளும்போது ஏற்படும் அழுத்தம் அந்த இடத்து நரம்புகளைத் தூண்டி, "போதும்" என்ற செய்தியை மூளைக்கு அனுப்புகிறது. சாப்பிடாத நேரத்திலும் பேண்டின் லேசான அழுத்தம் பசியைத் தணித்து வைக்கிறது.

ஆக, சாப்பாடு மேலே தங்குகிறது என்றால் பேண்ட் நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம் கிடையாது. ஒன்று, அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது. இல்லாவிட்டால் நீங்கள் வேகமாகச் சாப்பிடுகிறீர்கள். இனி நான் சொல்லப்போகும் எல்லாமே இதிலிருந்து வருவதுதான்.

படி 1: உங்கள் பேண்டின் ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும்போது ஒரு அட்டை தருவார்கள். பேண்டின் வகை, அளவு, தொடர் எண், பொருத்திய தேதி எல்லாம் அதில் இருக்கும். தரவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள். ஏனென்றால் பேண்டுகள் எல்லாம் ஒரே கொள்ளளவு கொண்டவை அல்ல. லேப்-பேண்ட் என்ற பிராண்டின் பழைய வகைகளில் சில மொத்தமே 4 மி.லி. கொள்ளும். பின்னால் வந்த ஏ.பி. ஸ்டாண்டர்ட் 10 மி.லி., ஏ.பி. லார்ஜ் 14 மி.லி. கொள்ளும். "எனக்கு 5 மி.லி. ஏற்றியிருக்கிறார்கள், உங்களுக்கு?" என்று இரண்டு பேர் ஒப்பிட்டுக்கொள்வதில் பொருளே இல்லை. ஒரே வகைப் பேண்ட் இருவருக்கு இருந்தாலும்கூட, உள்ளே இரைப்பைச் சுவரின் தடிமனும் சுற்றியுள்ள கொழுப்பும் வேறு வேறு.

அட்டையோடு ஒரு சின்ன நோட்டும் இருக்கட்டும். ஒவ்வொரு ஃபில்லுக்கும் தேதி, முன்பு இருந்த அளவு, ஏற்றிய அளவு, இப்போது மொத்தம் எவ்வளவு, அன்றைய எடை. ஒரு வரிதான். நாளைக்கு வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தால் இந்த ஒரு வரி பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

படி 2: முதல் ஃபில் எப்போது?

பெரும்பாலும் அறுவை சிகிச்சைக்குப் பின் நான்கு முதல் ஆறு வாரத்தில். அதற்கு முன்பு வேண்டாம். பேண்ட் நகராமல் இருக்க இரைப்பையின் ஒரு மடிப்பை அதன்மேல் போர்த்தித் தைத்திருப்பார்கள். அந்த இடம் ஆறி, பேண்டைச் சுற்றி உறுதியான திசு வளர வேண்டும். அவசரப்பட்டு இறுக்கி, வாந்தி வந்து, அந்தத் தையல் தளர்ந்தால் பேண்ட் சறுக்கிவிடும்.

இடைப்பட்ட வாரங்கள் பொறுமையைச் சோதிக்கும். எடை நின்றுவிடலாம், கொஞ்சம் ஏறக்கூடச் செய்யலாம். அந்த நாட்கள் ஆறுவதற்கானவை. தராசை இரண்டாம் பட்சமாக வையுங்கள்.

படி 3: போவதற்கு முன், உள்ளதை உள்ளபடி சொல்லத் தயாராகுங்கள்

நல்ல மையத்தில் ஊசியை எடுப்பதற்கு முன் கேள்விகள்தான் வரும். ஒரு வேளை சாப்பிட்டால் எத்தனை மணி நேரம் தாங்குகிறது? எவ்வளவு சாப்பிட முடிகிறது? எது இறங்க மறுக்கிறது? வாரத்தில் எத்தனை முறை கக்கினீர்கள்? ராத்திரி படுத்தால் எதுக்களிக்கிறதா, இருமல் வருகிறதா?

இந்தப் பதில்களை மூன்று நிறமாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. ஆஸ்திரேலியாவில் பால் ஓ'பிரையன், ஜான் டிக்சன் ஆகியோரின் குழுவிலிருந்து பரவிய முறை இது.

மஞ்சள் என்றால் போதவில்லை. சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் பசி, பெரிய அளவு சாப்பிட முடிகிறது, எப்போதும் தின்ன ஏதாவது தேடுகிறீர்கள், எடை நகரவில்லை. ஃபில் தேவை.

பச்சை என்றால் சரியான இடம். குறைவாகச் சாப்பிட்டும் நிறைவாக இருக்கிறது, அடுத்த வேளைவரை பெரிய பசி இல்லை, எடை சீராகக் குறைகிறது அல்லது விரும்பிய இடத்தில் நிற்கிறது. தொடாதீர்கள்.

சிவப்பு என்றால் அதிகம். சாப்பிடவே கஷ்டம், அடிக்கடி கக்கல், நெஞ்செரிச்சல், ராத்திரி இருமல். சலைனை எடுக்க வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சிவப்பில் இருப்பவருக்கும் எடை குறையாமல் போகலாம், ஏறக்கூடச் செய்யலாம். திட உணவு இறங்காததால் மனிதர்கள் இறங்குவதைத் தேடிப் போகிறார்கள்: ஐஸ்கிரீம், மில்க்‌ஷேக், சாக்லேட், வாயில் கரையும் பிஸ்கட். இவையெல்லாம் எந்தப் பேண்டிலும் வழுக்கிக்கொண்டு இறங்கும். எடை ஏறியதும் "இன்னும் கொஞ்சம் டைட் பண்ணுங்கள்" என்று கேட்பார்கள். மருத்துவரும் எடையை மட்டும் பார்த்து ஏற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும். அதனால் நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்பதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். உங்களுக்குத் தேவை ஏற்றுவதா எடுப்பதா என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத சொல் இந்த "டைட்". அதைக் கேட்பதற்குப் பதிலாகப் "பசி எத்தனை மணிக்கு வருகிறது" என்று சொல்லிப் பாருங்கள். பேச்சு சரியான திசையில் போகும்.

படி 4: ஃபில் அறையில்

பயப்படும்படி ஒன்றுமில்லை. சில நிமிட வேலை. மயக்க மருந்து கிடையாது. தோலை மரக்கச் செய்யும் ஊசிகூடப் பெரும்பாலும் தேவைப்படாது, ஏனென்றால் அதுவும் ஒரு குத்து, இதுவும் ஒரு குத்து.

மல்லாந்து படுக்கச் சொல்வார்கள். போர்ட் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க, தலையைக் கொஞ்சம் தூக்கச் சொல்லலாம், அல்லது காலை நீட்டி உயர்த்தச் சொல்லலாம். வயிற்றுத் தசை இறுகும்போது போர்ட் மேலெழும்பி விரலுக்கு அகப்படும். கனத்த போர்வைக்கு அடியில் கிடக்கும் பெரிய பொத்தானைத் தடவிப் பார்ப்பது போலத்தான். அதன் விளிம்பை இரண்டு விரல்களால் இருபுறமும் பிடித்துக்கொண்டு, தோலைக் கிருமிநாசினியால் துடைத்து, நடுவில் ஊசியை நேர் செங்குத்தாக இறக்குவார்கள். முதலில் தோலில் ஒரு சுருக். அப்புறம் ரப்பரில் நுழைவது போன்ற ஒரு எதிர்ப்பு. கடைசியில் போர்ட்டின் கெட்டியான அடித்தளத்தில் மெல்ல 'டக்' என்று ஒரு தட்டு. அந்தத் தட்டு சரியான இடத்தைத் தொட்டுவிட்டதற்கு நல்ல அடையாளம்.

ஊசி சாதாரண ஊசி இல்லை. ஹூபர் ஊசி என்று பெயர். சாதாரண ஊசி சிலிகானில் நுழையும்போது அதில் ஒரு துணுக்கை வெட்டி எடுத்துவிடும். பல முறை குத்தினால் போர்ட் ஒழுகத் தொடங்கும். ஹூபர் ஊசியின் முனை சிலிகானை வெட்டாமல் விலக்கிக்கொண்டு நுழையும், எடுத்ததும் துளை தானாக மூடிக்கொள்ளும். "ஹூபர் ஊசிதானே?" என்று நீங்கள் கேட்பதில் தவறே இல்லை. போர்ட் அல்லாமல் குழாயில் ஊசி பட்டாலும் ஒழுகல் வரும். விரலுக்குப் போர்ட் சரியாக அகப்படாவிட்டால் எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே செய்வது நல்லது.

ஊசி உள்ளே போனதும் சிரிஞ்சில் சலைன் திரும்பி வருகிறதா என்று பார்ப்பார்கள். வந்தால் இடம் சரி. முதல் முறை தவிர மற்ற நேரங்களில், உள்ளே இருப்பதை முழுதும் வெளியே எடுத்து அளந்து, நோட்டில் உள்ள அளவோடு ஒப்பிடச் சொல்லுங்கள். ஒரு மி.லி.யில் பத்தில் சில பங்கு வித்தியாசம் சகஜம். 6 இருக்க வேண்டிய இடத்தில் 3 வந்தால் எங்கோ ஒழுகுகிறது. அளக்காமல் மேலே மேலே ஏற்றிக்கொண்டே போனால் இது மாதக்கணக்கில் தெரியாமல் போகும்.

எவ்வளவு ஏற்றுவது? பேண்டின் வகையைப் பொறுத்தது. பெரிய கொள்ளளவுப் பேண்டுகளில் முதல் ஃபில் சில மி.லி. இருக்கலாம், பிறகு அரை மி.லி., ஒரு மி.லி. என்று போகும். பச்சையை நெருங்க நெருங்க 0.2, 0.3 மி.லி.கூடப் பெரிய மாற்றத்தைத் தரும். 4 மி.லி. பேண்டில் எல்லாமே இன்னும் சின்ன அளவு. தூரத்திலிருந்து வருகிறவர்கள் "மறுபடி வர முடியாது, சேர்த்தே ஏற்றிவிடுங்கள்" என்று கேட்பதுண்டு. தயவுசெய்து கேட்காதீர்கள். அந்த ஒரு பயணத்தை மிச்சப்படுத்தப் போய் நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டியிருக்கும்.

படி 5: ஒரு டம்ளர் தண்ணீர்

ஊசியை எடுத்ததும் எழுந்து உட்கார்ந்தோ நின்றோ ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். சாதாரண வேகத்தில் குடியுங்கள். பயந்து சொட்டுச் சொட்டாகக் குடித்தால் சோதனைக்கே அர்த்தமில்லை. நடு நெஞ்சில் தேங்கி நிற்பது போல இருந்தாலோ, களக் களக் என்று மேலே வந்தாலோ அங்கேயே சொல்லுங்கள், கொஞ்சம் எடுத்துவிடுவார்கள். குடித்த பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருப்புப் பகுதியில் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பினால் நிம்மதி.

முதல் ஒன்றிரண்டு நாள் திரவ உணவு, அடுத்த ஒன்றிரண்டு நாள் மசித்த உணவு, பிறகு வழக்கமான திட உணவு. உங்கள் மையம் இதைச் சற்று மாற்றிச் சொன்னால் அவர்கள் சொல்வதையே கேளுங்கள்.

ஃபில் செய்த அன்றைக்கே முழு விளைவும் தெரியாது. அடுத்த சில நாட்களில் லேசான வீக்கம் வந்து இறுக்கம் கூடலாம், பின் தளரலாம். அதனால் முதல் வாரத்தில் தீர்ப்பு எழுதாதீர்கள். ஆனால் தண்ணீரே இறங்கவில்லை என்றால் வாரக் கணக்கெல்லாம் கிடையாது, அன்றே திரும்பிப் போக வேண்டும்.

படி 6: பச்சையைக் கண்டுபிடித்து அங்கேயே இருப்பது

முதல் வருடம் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை போக வேண்டியிருக்கும். சிலருக்கு மூன்று ஃபில்லில் பச்சை வந்துவிடும், சிலருக்கு ஏழெட்டு ஆகும். வாரத்துக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோவரை குறைந்தால் நல்ல வேகம். எடை குறையும்போது பேண்டைச் சுற்றியுள்ள கொழுப்பும் கரைவதால், சரியாக இருந்த பேண்ட் சில மாதத்தில் தளர்ந்தது போலத் தோன்றும். அது கோளாறு இல்லை, அடுத்த சின்ன ஃபில்லுக்கு நேரமாகிவிட்டது.

பச்சை என்பது பேண்டில் பாதி, சாப்பிடும் விதத்தில் பாதி. மருத்துவர் எவ்வளவு துல்லியமாக ஏற்றினாலும், வாரி வாரி விழுங்கினால் சிவப்பு போலத்தான் இருக்கும். ஒரு வாய் என்பது விரல் நகத்தின் அளவு. நன்றாக மெல்லுங்கள், கூழாகும்வரை. விழுங்குங்கள். கரண்டியைக் கீழே வையுங்கள். ஒரு நிமிடம் காத்திருங்கள். அந்த ஒரு நிமிடம்தான் உணவுக்குழாய் அதைத் தள்ளி முடிக்கும் நேரம்; முதல் வாய் போகும் முன் இரண்டாவது வந்தால் போக்குவரத்து நெரிசல். இப்படி இருபது நிமிடம். அதற்குமேல் தட்டில் இருப்பது மிச்சம்தான். வயிறு முட்டிய உணர்வுக்காகக் காத்திருக்க வேண்டாம். பசி போய்விட்டதா என்று பாருங்கள், போயிருந்தால் எழுந்துவிடுங்கள்.

புரதத்தை முதலில் சாப்பிடுங்கள். கலோரி உள்ள பானங்களைப் பேண்டால் தடுக்க முடியாது. சர்க்கரைப் பானம், மது இரண்டும் அப்படியே இறங்கும். சோடா வகைகளின் வாயு மேலே தேங்கித் தொந்தரவு தரும். புதிய மென்மையான ரொட்டி, நாரான காய்ந்த இறைச்சி ஆகியவை பலருக்கும் சிக்கும் உணவுகள்.

காலையில் எழுந்ததும் பேண்ட் இறுக்கமாகவும் மாலையில் தளர்வாகவும் இருப்பது பலருக்கு வழக்கம். மாதவிடாய் நாட்களில், மன அழுத்தத்தில், விமானப் பயணத்தில் இறுகுவதாகச் சிலர் சொல்வார்கள். ஒரு நாளை வைத்து முடிவெடுக்காமல் இரண்டு மூன்று வாரப் போக்கைப் பார்ப்பது இதனால்தான்.

படி 7: சிக்கிக்கொண்டால்

ஒரு நாள் நடக்கும். பேசிக்கொண்டே சாப்பிட்டிருப்பீர்கள், ஒரு துண்டைச் சரியாக மென்றிருக்க மாட்டீர்கள். நடு நெஞ்சில் கல் வைத்தது போல ஒரு வலி, வாயில் எச்சில் ஊறி ஊறி வழவழவென்று நுரையாகிறது, விக்கல் வேறு. உடனே சாப்பிடுவதை நிறுத்துங்கள். தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்க்காதீர்கள். மேலே அடைப்பு இருக்கும்போது தண்ணீர் எங்கே போகும்? எழுந்து மெல்ல நடங்கள், ஊறும் எச்சிலைத் துப்புங்கள். பெரும்பாலும் தானாக இறங்கும், அல்லது புளிப்பே இல்லாமல் மேலே வந்துவிடும். இறைச்சியை மென்மையாக்கும் பொடியைக் கரைத்துக் குடிக்கும் ஒரு யோசனை சுற்றி வருகிறது. அது உணவுக்குழாயையே புண்ணாக்கும், வேண்டாம்.

அடங்கிய பிறகு அந்த இடம் வீங்கியிருக்கும். அன்று முழுதும் திரவம் மட்டும். பசிக்கிறதே என்று உடனே திட உணவுக்குப் போனால் மறுபடி சிக்கும், வீக்கம் கூடும். இந்தச் சுழற்சியில்தான் பலர் மாட்டுகிறார்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது

எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை, தண்ணீர் தங்கவில்லை, வாந்தி நிற்கவில்லை, மேல்வயிற்றிலோ நெஞ்சிலோ விடாத கடும் வலி, காய்ச்சல், ரத்த வாந்தி அல்லது கறுத்த மலம். இவற்றில் எது வந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அங்கே இருக்கும் மருத்துவர் பேண்டையே பார்த்திராதவராக இருக்கலாம். அட்டையைக் காட்டி, "பேண்டில் இருக்கும் சலைனை முழுதும் எடுக்க வேண்டியிருக்கலாம், எடை குறைப்பு அறுவை சிகிச்சை நிபுணரிடம் பேசுங்கள்" என்று சொல்லுங்கள். ஹூபர் ஊசி இல்லாத இடத்தில் அவசரத்துக்கு மெல்லிய சாதாரண ஊசியாலும் எடுப்பதுண்டு. சலைனை எடுத்தும் வலி அடங்கவில்லையென்றால் பேண்ட் சறுக்கி இரைப்பை நெரிபடுகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். அது அறுவை சிகிச்சை அளவுக்குப் போகக்கூடிய அவசரம்.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். நாட்கணக்கில் வாந்தி எடுத்தவர் உடலில் தயமின் என்ற பி1 வைட்டமின் தீர்ந்திருக்கும். அந்த நிலையில் குளுக்கோஸ் டிரிப் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படும் அபாயம் உண்டு. தயமினை முதலில் கொடுக்க வேண்டும். கண் பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பமாகப் பேசுவது எல்லாம் எச்சரிக்கை. உடன் போகிறவருக்கும் இது தெரிந்திருக்கட்டும்.

ராத்திரி இருமலையும் இந்த வரிசையில் சேர்க்கிறேன், அது மெதுவாக வருவதால் யாரும் பொருட்படுத்துவதில்லை. தலையணை நனைவது, தூக்கத்தில் புரையேறி எழுவது, இரண்டு மூன்று தலையணை வைத்தால்தான் தூங்க முடிவது எல்லாம் பேண்ட் அதிகமாக இறுகியதன் அடையாளம். எதுக்களித்தது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். எடை நன்றாகக் குறைகிறது என்பதற்காக இதைப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். கொஞ்சம் சலைனை எடுத்தால் பெரும்பாலும் சில நாட்களில் நிற்கும்.

அட்ஜஸ்ட் செய்தும் சரியாகவில்லை என்றால்

அப்போது பிரச்சினை அளவில் இல்லை, கருவியில் இருக்கலாம். பேரியம் போன்ற மருந்தைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுப்பதும், தேவைப்பட்டால் வாய் வழியாகக் கேமரா குழாயை இறக்கிப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி செய்வதும்தான் வழி.

நன்றாக இருந்த பேண்ட் திடீரென்று ஒன்றுமே செய்யாதது போல ஆகிவிட்டால் ஒழுகலைச் சந்தேகிக்க வேண்டும். போர்ட் புரண்டு கவிழ்ந்திருந்தால் ஊசி எங்கே குத்தினாலும் சலைன் வராது. சின்ன அறுவை சிகிச்சையில் அதைத் திருப்பித் தைத்துவிடலாம். புதிதாக ஏற்றாமலேயே இறுக்கம், எதுக்களிப்பு, கக்கல் கூடினால் பேண்ட் சறுக்கியிருக்கலாம், அல்லது மேலே உள்ள பை விரிந்திருக்கலாம். பை மட்டும் விரிந்திருந்தால் சலைனை முழுதும் எடுத்துச் சில வாரம் ஓய்வு கொடுத்தாலே பலருக்குப் பழைய நிலைக்கு வரும். மறுபடி எக்ஸ்ரே பார்த்த பிறகு சின்ன அளவில் தொடங்குவார்கள்.

நீண்ட காலம் இறுக்கமாகவே வைத்திருந்தால் உணவுக்குழாயே விரிந்து, தள்ளும் பலத்தை இழக்கும். இதற்குச் சில சமயம் எந்த அறிகுறியும் தெரியாது. பல வருடமாக ஒரே அளவில் இருக்கிறவர்களும் அவ்வப்போது எக்ஸ்ரே பார்த்துக்கொள்வது நல்லது என்று சொல்வது அதனால்தான்.

கடைசியாக, பேண்ட் இரைப்பைச் சுவரை அரித்துக்கொண்டு உள்ளே போய்விடுவது. அரிது, ஆனால் உண்டு. பொருத்திப் பல மாதமோ வருடமோ கழித்துப் போர்ட் இருக்கும் இடம் சிவந்து சீழ் பிடித்தால், தோலில் வந்த தொற்று என்று ஆன்டிபயாட்டிக்கோடு விட்டுவிடக் கூடாது. எண்டோஸ்கோப்பி பார்க்க வேண்டும். அரித்திருந்தால் பேண்டை எடுப்பதைத் தவிர வழியில்லை.

சில சிறப்புச் சூழல்கள்

கர்ப்பமானால் உடனே பேண்ட் குழுவிடம் சொல்லுங்கள். வாந்தி அதிகமாக இருந்தாலோ குழந்தையின் வளர்ச்சிக்குப் போதிய உணவு போகவில்லையென்றாலோ சலைனை எடுப்பார்கள்; பிரசவத்துக்குப் பின் மறுபடி ஏற்றலாம். இப்படி வேண்டும்போது திறந்து வேண்டும்போது மூடும் வசதி மற்ற எடை குறைப்பு அறுவை சிகிச்சைகளில் இல்லை.

வேறு எந்த அறுவை சிகிச்சை, மயக்க மருந்து என்றாலும் பேண்ட் இருப்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் அட்டையைக் காட்டுங்கள். போர்ட்டில் உலோகம் உண்டு, வகையைப் பார்த்துத்தான் அனுமதிப்பார்கள். பெரிய மாத்திரைகள் சிக்கும். எல்லா மாத்திரையையும் பொடிக்கக் கூடாது, மெதுவாகக் கரையும் வகைகளைப் பொடித்தால் ஆபத்து, ஆகவே மருந்தாளரிடம் கேட்டுத் திரவ வடிவம் வாங்குங்கள். இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். நீண்ட பயணம் கிளம்பும் வாரத்தில் ஃபில் செய்துகொள்வது வேண்டாத வம்பு.

ஃபில் செய்ய ஆளே இல்லையென்றால்

இது இப்போது பலருடைய கவலை. ஒரு காலத்தில் பேண்ட் உச்சத்தில் இருந்தது. அமெரிக்காவில் 2011இல் எடை குறைப்பு அறுவை சிகிச்சைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதுதான். 2018 வாக்கில் நூற்றில் ஒன்று என்ற அளவுக்கு வந்துவிட்டது. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பேண்ட் வைத்தவர்களில் நிறையப் பேருக்குப் பிற்காலத்தில் மறு அறுவை சிகிச்சை தேவைப்பட்டதும் ஒரு காரணம். விளைவு, பேண்ட் உள்ளவர்கள் இருக்கிறார்கள், அதை அட்ஜஸ்ட் செய்யப் பழகிய கைகள் குறைந்துவிட்டன.

புதிய இடத்தைத் தேடும்போது, வேறிடத்தில் பொருத்திய பேண்டைப் பார்ப்பார்களா, எக்ஸ்ரே திரை வசதி உண்டா, ஃபில் செய்த அன்று ராத்திரி இறுகிப்போனால் யாரை அழைப்பது என்று மூன்றையும் கேளுங்கள். மூன்றாவதற்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். ஏற்றுவதைவிட எடுப்பதற்கு ஆள் இருக்கிறாரா என்பதுதான் முக்கியம்.

வருடத்துக்கு ஒரு முறையாவது பரிசோதனை வேண்டும், எல்லாம் நன்றாக இருந்தாலும். சில வருடம் ஒருவரும் பார்க்காமல் விட்ட பேண்டில் நேரடியாக ஃபில் கேட்காமல், முதலில் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, எக்ஸ்ரேயும் பார்க்கச் சொல்லுங்கள்.

எத்தனை முறை ஏற்றி இறக்கினாலும் பச்சை கிடைக்காமல், மஞ்சளிலிருந்து நேராகச் சிவப்புக்குத் தாவுகிறவர்களும் உண்டு. 0.2 மி.லி. ஏற்றினால் தண்ணீர் இறங்காது, எடுத்தால் பசி தாங்காது. இதில் உங்கள் மன உறுதியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்படிப்பட்ட நிலையில் பேண்டை எடுத்துவிடுவது பற்றிப் பேசலாம். எடுப்பதும் லேப்ராஸ்கோப்பியில்தான். ஸ்லீவ் அல்லது பைபாஸுக்கு (உணவின் பாதையையே மாற்றும் அறுவை சிகிச்சை) மாறுவதை ஒரே அமர்வில் செய்வதா, சில மாதம் ஆறவிட்டுச் செய்வதா என்பதை, உள்ளே திசு எப்படி இருக்கிறது என்று பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். எதற்கும் மாறாமல் பேண்டை மட்டும் எடுத்தால் எடை திரும்பும் வாய்ப்பு அதிகம். ஆகவே எடுக்கும் தேதியைக் குறிக்கும் முன்பே, அதற்குப் பிறகு மருந்தா, வேறு அறுவை சிகிச்சையா என்பதையும் அதே ஆலோசனையில் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.